துவக்குக்கு நாடு, மானுக்கு மாகாணம்: வாசகர் கேள்வி – பதில்

இலையுதிர்காலம் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மீன்பிடியை விட்டுவிட்டு எல்லோரும் மானுக்கும், மூஸ் என்கிற பெரிய மான் இனத்துக்கும் தாவிவிடுகிறார்கள். அதிலும் இந்த முறை அநேகமானோர் கேட்டிருப்பது கனடாவுக்குள்ளேயே வேறு மாகாணத்துக்குப் போய் வேட்டையாடுவது பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கட்டணமும் திகதியும் வருடா வருடம் மாறுபவை, அவற்றை அந்தந்த மாகாணம் வெளியிடும் அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): என்னுடைய அத்தான் எட்மன்டனில் இருக்கிறார். நவம்பரில் மான் வேட்டைக்கு வா என்கிறார். என்னிடம் துவக்கு லைசன்ஸ் இருக்கிறது, ஒன்ராறியோ வேட்டைக் கார்ட்டும் இருக்கிறது. பிளேன் டிக்கெட் போட்டால் போதும்தானே?

போதாது. டிக்கெட் போடுவதற்கு முதல் அத்தானுக்கு ஒரு கோல் எடுங்கள், இதில் பாதி அலுவல் அவருடையது.

துவக்கு லைசன்ஸ், அதாவது பி.ஏ.எல்., மத்திய அரசு தருவது. ஐந்து வருடம் செல்லும், கனடா முழுக்கச் செல்லும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் மான் மத்திய அரசின் கையில் இல்லை. நிலமும் இயற்கை வளமும் மாகாணங்களுக்கு என்று 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அல்பேர்ட்டா, சஸ்காட்சுவான், மனிட்டோபா மூன்றுக்கும் மட்டும் அந்த உரிமை 1930இல்தான் கைக்கு வந்தது. எந்த விலங்கை, எந்த மாதத்தில், யார் சுடலாம் என்பதை அந்த மாகாணம்தான் சொல்லும். தன் சனத்துக்கு ஒரு விதி, பக்கத்து மாகாணத்தில் இருந்து வருபவருக்கு இன்னொரு விதி, வெளிநாட்டவருக்கு மூன்றாவது விதி. பாஸ்போர்ட் கனேடியப் பாஸ்போர்ட் என்றாலும் அல்பேர்ட்டாக் காட்டில் நீங்கள் வெளியூர்க்காரர்தான்.

ஆகவே உங்கள் ஒன்ராறியோ கார்ட் அங்கே லைசன்ஸ் ஆகாது. அதற்காக வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம், நீங்கள் வேட்டைப் பயிற்சி முடித்தவர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அல்பேர்ட்டாவில் முதலில் 'வின்' என்கிற வேட்டைக்காரர் இலக்கம் எடுக்க வேண்டும், பிறகுதான் மானுக்கான லைசன்ஸ். இனித்தான் அத்தானின் பங்கு வருகிறது. மாகாணத்துக்கு வெளியே வசிக்கும் கனேடியர் அங்கே மான், மூஸ், எல்க் போன்ற பெரிய விலங்கு வேட்டைக்குத் தனியே இறங்க முடியாது. ஒன்றில் லைசன்ஸ் உள்ள வழிகாட்டி கூட வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாகாணவாசி ஒருவர் 'ஹோஸ்ட்' ஆகக் கூட நிற்க வேண்டும். ஹோஸ்டுக்கும் தாள் வேலை இருக்கிறது, அதை நீங்கள் போய் இறங்கிய பிறகு செய்யலாம் என்று விடக்கூடாது. அத்தான் உங்களைக் காட்டோரம் இறக்கிவிட்டு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் போய் இருந்தால் அதற்குப் பெயர் ஹோஸ்ட் இல்லை. உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போனால் அது வழிகாட்டித் தொழில், அதற்கு வேறு லைசன்ஸ்.

வாத்து, காட்டுக்கோழி போன்ற பறவைகளுக்கு இந்த ஹோஸ்ட் வில்லங்கம் இல்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான், ஆனால் ஒருவரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் கொம்புதான் வேண்டும்.

பிளேனில் போவதானால் துவக்கைக் குண்டு இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் சாமானாக அறிவித்துக் கொடுக்க வேண்டும். தோட்டா தனியே, ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் இல்லை. உங்கள் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட வெள்ளெனப் போங்கள்.

கேள்வி (பிரம்டன்): கல்கரியில் இருந்து ஒன்ராறியோவுக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. டிரைவர் லைசன்ஸ், ஹெல்த் கார்ட் எல்லாம் மாற்றியாயிற்று. நான் இப்போது ஒன்ராறியோ வேட்டைக்காரன்தானே?

இன்னும் இல்லை. ஒன்ராறியோவில் வேட்டை லைசன்ஸுக்கு 'வாசி' என்றால் முதன்மையான வீடு இங்கே இருக்க வேண்டும், அதோடு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 மாதத்துக்குள் தொடர்ச்சியாக 6 மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். டிரைவர் லைசன்ஸ் மாறிவிட்டது என்பது விலாசத்துக்கு ஆதாரம், காலத்துக்கு ஆதாரம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா இன்னும் கறார்: முந்திய 12 மாதத்தில் ஆறு மாதங்கள், அந்த ஒவ்வொரு மாதத்திலும் பெரும்பகுதி நாள் உடம்போடு மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். அங்கே ஒரு கொண்டோ வாங்கிப் போட்டுவிட்டு வருடம் முழுக்க ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருப்பவருக்கு இது சரிவராது.

இன்னொரு குழப்பம் மீன்பிடியால் வருகிறது. ஒன்ராறியோவில் மீன்பிடிக்கு மூன்று வகை உண்டு: ஒன்ராறியோவாசி, மற்ற மாகாணக் கனேடியர், வெளிநாட்டவர். வேட்டைக்கு அப்படி நடு வகை கிடையாது. கல்கரிக்காரரும் கலிபோர்னியாக்காரரும் ஒரே வரிசையில்தான். இந்த வருடம் உங்களுக்கு வேட்டை வேண்டுமென்றால் வெளியூர்க்காரர் கட்டணத்தைக் கட்டிவிட்டுச் சிறு விலங்கு வேட்டைக்குப் போங்கள், இல்லாவிட்டால் அந்த ஆறு மாதம் முடியும் வரை பொறுங்கள். பழைய கல்கரி விலாசத்தைக் கொடுத்து அங்கே வாசியாக லைசன்ஸ் எடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பரிடம் வேட்டை பற்றி இனிமேல் ஒன்றும் கேட்க வேண்டாம். பொய் விலாசத்தில் எடுத்த லைசன்ஸ் லைசன்ஸே இல்லை, அதில் சுட்ட விலங்கும் களவாகச் சுட்ட விலங்குதான், அதை மாகாண எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் மத்திய அரசின் வனவிலங்கு வர்த்தகச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி (அஜாக்ஸ்): எனக்கு இந்த முறை மூஸ் டேக், அதாவது ஒரு மூஸைச் சுடும் அனுமதிச் சீட்டு, விழுந்திருக்கிறது. மொன்றியலில் இருக்கும் சொந்த அண்ணனையும் கூட்டிப்போக ஆசை. என்னுடைய டேக்கில் அவர் வேட்டையாடலாமா?

டேக்கைக் கையில் கொடுத்து 'நீ போய்ச் சுட்டுவா' என்றால் அது கூடவே கூடாது. டேக் ஆளுக்கு உரியது, கடன் கொடுக்கும் சாமான் இல்லை. ஆனால் சொந்த அண்ணன் என்றபடியால் வழி இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒன்ராறியோவில் மூஸ் வேட்டையாட இரண்டு வாசல்தான்: ஒன்று, சுற்றுலா வேட்டை முகாம் நடத்தும் அவுட்ஃபிட்டரிடம் காசு கட்டிப் போவது, மற்றது, ஒன்ராறியோவில் வசிக்கும் நெருங்கிய உறவோடு சேர்ந்து போவது. உங்கள் அண்ணன் இரண்டாவது வாசலால் வரலாம், அதற்கும் அவருக்கென்று அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற ஒன்ராறியோ வேட்டைக் கார்ட்டும் வெளியூர்க்காரருக்கான மூஸ் லைசன்ஸும் வேண்டும். உங்கள் லைசன்ஸ் நிழலில் அவர் நிற்க முடியாது. குழுவாக வேட்டையாடும் விதிகளையும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தடவை வாசியுங்கள், யார் யாரிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும், எப்படித் தொடர்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இதே கேள்வியைச் சித்தப்பா மகனுக்காக இன்னொருவர் கேட்டிருக்கிறார். நமக்கு அவர் தம்பிதான், பந்தியில் பக்கத்தில் இருப்பவர்தான், ஆனால் ஒன்ராறியோ இயற்கை வள அமைச்சின் பட்டியல் பெற்றோர், பேரன் பேத்தி, கணவன் மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் என்ற வட்டத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அவரை அவுட்ஃபிட்டர் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும், அது மலிவான அலுவல் இல்லை.

டேக் பற்றி இன்னும் ஒன்று. இப்போது அது வீட்டுப் பிரிண்டரில் அடிக்கும் சாதாரணத் தாள். மூஸ் விழுந்ததும், அதை அசைப்பதற்கு முதலே, அந்தத் தாளின் ஓரத்தில் திகதிக்கும் நேரத்துக்கும் உரிய இடங்களைக் கத்தியால் வெட்டிக் குறிக்க வேண்டும். கை விறைத்து, இரத்தம் பட்டு, மழையில் நனைந்த தாளில் இதைச் செய்வது லேசில்லை. ஒரு ஜிப் பையில் போட்டு உள் சட்டைப் பையில் வைத்திருங்கள். முகாமுக்குக் கொண்டுவந்த பிறகு ஆறுதலாக வெட்டலாம் என்று விட்டவர்கள்தான் அநேகமாக மாட்டுவது.

கேள்வி (ஒட்டாவா): கட்டினோ பக்கம் கியூபெக்கில் வாத்து வேட்டைக்குப் பெர்மிட் எடுத்தேன். அதே பெர்மிட்டில் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒன்ராறியோவிலும் சுடலாமா?

பெர்மிட் செல்லும், ஆனால் அது மட்டும் போதாது. வாத்தும் தாராவும் தேசாந்தரம் போகிற பறவைகள். அவற்றுக்காக 1916இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன, அடுத்த வருடம் அது இங்கே சட்டமாயிற்று, அதனால் இவை மட்டும் மத்திய அரசின் கையில். நீங்கள் எடுத்த தேசாந்தரப் பறவைப் பெர்மிட்டும் அதோடு வரும் வாழிட முத்திரையும் எல்லா மாகாணத்திலும் செல்லும். ஆனால் ஒவ்வொரு மாகாணமும் தன் பங்குக்கு ஒரு லைசன்ஸ் கேட்கும். ஒன்ராறியோவில் அது சிறு விலங்கு லைசன்ஸ். பெர்மிட்டும் அந்தந்தக் கரை மாகாணத்தின் லைசன்ஸும் கையில் இருந்தால் ஆற்றின் எந்தக் கரையிலும் படகைக் கட்டலாம்.

வாத்துக்கு ஈயச் சன்னம் தடை, எல்லா மாகாணத்திலும். ஸ்டீல் அல்லது பிஸ்மத் பாவியுங்கள். பழைய ஈயத் தோட்டா ஒன்று ஜக்கெட் பையின் அடியில் கிடந்தாலும் அதிகாரி கேட்பார், புறப்படும் முன் பைகளை உதறிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒரு செட்டையை இறகோடு உடலில் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் என்ன இனம் என்று அவர்களால் சொல்ல முடியாது. நீங்கள் சுட்ட வாத்தை நண்பர் தன் காரில் கொண்டுபோகிறார் என்றால் உங்கள் பெயர், கையெழுத்து, பெர்மிட் இலக்கம், பறவை இனம், சுட்ட திகதி எழுதிய துண்டும் கூடப் போக வேண்டும்.

கேள்வி (மிசிசாகா): சஸ்காட்சுவானில் நண்பர்களோடு போய் மான் சுட்டோம். தலையை முழுதாகக் கொண்டுவந்து பாடம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்ட ஆசை. காரில் கொண்டுவரலாமா?

முழுத் தலையோடு ஒன்ராறியோவுக்குள் வர வேண்டாம். சி.டபிள்யு.டி. என்று ஒரு நோய், மானின் மூளையையும் முள்ளந்தண்டையும் அரித்து, எலும்பும் தோலுமாக்கிச் சாகடிப்பது. சஸ்காட்சுவானிலும் அல்பேர்ட்டாவிலும் நெடுங்காலமாக இருக்கிறது, 2021இல் மனிட்டோபாவில் கண்டுபிடித்தார்கள், 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும். இதைக் கடத்துவது கிருமி இல்லை, பிரியான் என்கிற கெட்டுப்போன புரதம். குக்கரில் பத்து விசில் விட்டாலும் அது சாகாது, மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் கண்ட மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள்.

அதனால்தான் வெளி மாகாணத்தில் சுட்ட மான், எல்க், மூஸ் எதுவானாலும் மூளை, கண், முள்ளந்தண்டு, மண்ணீரல், நிணநீர்க் கணு இருக்கும் பாகங்களை உள்ளே கொண்டுவர ஒன்ராறியோ விடுவதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சி கொண்டுவரலாம், சுத்தமாகத் துப்புரவாக்கிய மண்டையோட்டுத் தகட்டோடு கொம்பு கொண்டுவரலாம், பாடம் போட்டு முடித்த தலை கொண்டுவரலாம். ஆகவே பாடம் போடுகிற வேலையை அங்கேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டு, முடிந்த பிறகு எடுப்பியுங்கள். தலையில் இருந்து பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதையும் அங்கேயே முடியுங்கள், முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியே குளிர்பெட்டியில் பேர் எழுதி வையுங்கள். வழியில் மனிட்டோபாவைத் தாண்டித்தான் வர வேண்டும், அவர்களுக்கும் இதே சாயலில் விதி இருக்கிறது.

கேள்வி (மார்க்கம்): வன்னியில் அப்பாவோடு சிறு வயதிலிருந்தே பன்றி வேட்டைக்குப் போனவன். காட்டில் தடம் பார்க்கத் தெரியும். எனக்கு எதற்கு இங்கே வகுப்பு?

உங்கள் தடம் பார்க்கும் கெட்டித்தனத்தில் சந்தேகமே இல்லை, இங்கே பிறந்த அநேகம் பேருக்கு அது வராது. ஆனால் வகுப்பில் சொல்லித்தருவது அதை இல்லை. துவக்குப் பாதுகாப்பு வகுப்பு முடித்து விண்ணப்பித்தால் பி.ஏ.எல். வர முதல் தடவையில் குறைந்தது 28 நாள் காத்திருப்புக் காலம் உண்டு, அதுபோக ஒன்ராறியோவின் வேட்டைக் கல்வி வகுப்பும் முடிக்க வேண்டும். அதில் கற்பது உள்ளூர் விவரம்: சூரியன் உதிக்க அரை மணி முன்னரிலிருந்து மறைந்து அரை மணி வரைதான் வேட்டை, வாகனத்தில் குண்டு போட்ட துவக்கு இருக்கக்கூடாது, மான் துவக்குக் காலத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் துணியும் அதே நிறத் தொப்பியும் வேண்டும். மரத்தில் சிவப்பு மட்டை அடித்திருந்தால் உள்ளே போகவே கூடாது என்று அர்த்தம். ஊரில் ராத்திரியில் லைற் அடித்துப் பார்த்ததையும் கட்டுத்துவக்கு வைத்ததையும் இங்கே வாயாலும் சொல்ல வேண்டாம்.

ஒரு நன்மையும் இருக்கிறது. இங்கே எடுத்த வேட்டைக் கல்விச் சான்றிதழை மற்ற மாகாணங்களும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும், ஒவ்வோர் இடத்திலும் திரும்பப் படிக்கத் தேவையில்லை.

கேள்வி (நியூ ஜெர்சியில் இருந்து, ரொறன்ரோவில் உள்ள தங்கை மூலம்): அமெரிக்காவில் இருந்து என் சொந்தத் துவக்கைக் கொண்டுவரலாமா?

சாதாரண வேட்டை ரைஃபிள் அல்லது ஷொட்கன் என்றால் கொண்டுவரலாம். எல்லையில் வெளிநாட்டவருக்கான துவக்கு அறிவிப்புப் படிவத்தைக் கொடுத்து 25 டொலர் கட்டினால், அதுவே 60 நாளைக்கு லைசன்ஸ் மாதிரி. படிவத்தை வீட்டிலேயே நிரப்பலாம், கையெழுத்தை மட்டும் அதிகாரியின் கண் முன்னே போடுங்கள். கைத்துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கனடா தடை செய்த துவக்குப் பட்டியல் 2020க்குப் பிறகு நீண்டுகொண்டே போகிறது, அங்கே கடையில் தாராளமாக விற்பது இங்கே குற்றமாக இருக்கலாம், மொடல் பெயரை வைத்துச் சரி பாருங்கள். இதற்கு மேல் வேட்டை லைசன்ஸ் தனி.

கேள்வி (வன்கூவர் போய்வந்த வாசகர்): மலையாடு வேட்டைக்கு வழிகாட்டிகள் கேட்கும் காசு தலை சுற்றுகிறது. வேறு வழி இல்லையா?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் உங்களுக்கு நல்ல வேட்டைக்கார நண்பர் இருந்தால் உண்டு. அவர் உங்களைக் கூட்டிப்போவதற்கு முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும், எடுத்தால் வழிகாட்டி இல்லாமல் அவரோடு பெரிய விலங்கு வேட்டைக்குப் போகலாம். யூக்கோனிலும் மற்ற மாகாணக் கனேடியரை உள்ளூர்வாசி ஒருவர் கூட்டிப்போக ஒரு விசேட லைசன்ஸ் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்தில் மூஸ் வேண்டுமென்றால் பொதுவாக அவுட்ஃபிட்டரிடம்தான் போக வேண்டும். இத்தனைக்கும் அந்தத் தீவின் மூஸ் கூட்டமே வெளி மாகாணத்தில் இருந்து வந்தது, 1904இல் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்து கொண்டுபோய் விட்டவற்றின் வம்சம்.

கேள்வி (பிக்கரிங்): நாங்கள் இவ்வளவு தாள் நிரப்புகிறோம், ஆதிக்குடி மக்கள் லைசன்ஸ் இல்லாமலே சுடுகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

அவர்கள் இந்த மாகாணக் கோடுகளைப் போட முன்பே இங்கே வேட்டையாடியவர்கள், அதுதான் நியாயம். அவர்களின் உரிமையை 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு உறுதி செய்கிறது. ஆனால் அதுவும் 'எங்கேயும் எதையும்' என்ற உரிமை இல்லை, தங்கள் பாரம்பரிய நிலம், ஒப்பந்த எல்லை என்று அதற்கும் வரம்பு உண்டு.

இந்தப் பகுதியின் தலைப்புக்கு நேரே பொருந்துகிற வழக்கு ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் டெசோட்டல் என்பவர் அமெரிக்கக் குடிமகன், வாஷிங்டன் மாநிலத்தில் வசிப்பவர். 2010 அக்டோபரில் எல்லை தாண்டி வந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் காசல்கார் பக்கம் ஒரு பெண் எல்க்கைச் சுட்டார், சுட்டதை அதிகாரிகளுக்கு அவரே சொன்னார். லைசன்ஸ் இல்லாமல் வேட்டையாடியது, மாகாணவாசியாக இல்லாமல் பெரிய விலங்கைச் சுட்டது என்று இரண்டு குற்றச்சாட்டு. அவருடைய வாதம் எளிமையானது: என் முன்னோர் சின்னிக்ஸ்ட் மக்கள், இது அவர்களின் வேட்டை நிலம், கோடு பின்னால் வந்தது. இதே சின்னிக்ஸ்ட் மக்கள் கனடாவில் அழிந்துபோய்விட்டார்கள் என்று 1956இல் அரசாங்கம் அறிவித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கீழ் நீதிமன்றத்தில் இருந்து ஒவ்வொரு படியிலும் அவர்தான் வென்றார், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் 7க்கு 2 என்று அவர் பக்கம் நின்றது.

போர் முடிந்து ஊருக்குப் போய், சொந்தக் காணிக்குள் கால் வைக்கவே பாஸ் கேட்கப்பட்டவர்கள் நம்மில் இருக்கிறோம். இந்த வழக்கு நமக்கு விளங்காமல் போகக் காரணம் இல்லை.

கேள்வி (எட்டோபிக்கோ): மூஸ் இறைச்சி நிறைய மிஞ்சியது. தெரிந்த கடைக்காரர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

விற்கக்கூடாது. சும்மா கொடுக்கலாம், எனக்கும் அனுப்பலாம்.

கேள்வி (லண்டன், ஒன்ராறியோ): பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு அடுத்த வருடம் குடும்பமாகப் போகிறோம். அங்கே மான் வேட்டைக்கு வெளியூர்க்காரர் என்ன பெர்மிட் எடுக்க வேண்டும்?

அந்தத் தீவில் மான் இல்லை. மூஸும் இல்லை, கரடியும் இல்லை. தாரா, கௌதாரி, முயல் இருக்கிறது, அவற்றுக்கு லைசன்ஸ் எடுங்கள். இல்லாவிட்டால் துவக்கை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு லொப்ஸ்டர் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.